டீச்சரைக் கேளுங்கள்: பையில் இருந்த இன்னொரு சேலை

போன இதழில் ஒரு வாசகி, "முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தீர்களே, உங்களுக்கு முன்னோடி யார்?" என்று கேட்டிருந்தார். "சாவித்திரிபாய் புலே. பையில் இன்னொரு சேலையோடு பள்ளிக்கூடம் போனவர்" என்று இரண்டே வரியில் பதில் எழுதினேன். அதற்கு மேல் பக்கத்தில் இடமில்லை. அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. மேலூரிலிருந்து, செல்லூரிலிருந்து, உசிலம்பட்டியிலிருந்து, ஊர்ப் பெயரே போடாமல் ஒன்று. அதனால் பரீட்சை பயம், பிள்ளை வளர்ப்புக் கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் சாவித்திரிபாய்க்கே கொடுத்துவிட்டேன்.

இன்னொரு சேலை எதற்கு டீச்சர்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.
வாசகி, திருமங்கலம்

பூனாவில் பிடே வாடா என்று ஒரு வீடு. வாடா என்றால் நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய பெரிய வீடு, நம்ம ஊர் தொட்டிக்கட்டு வீடு மாதிரி. அங்கேதான் 1848ல் சாவித்திரிபாயும் அவர் கணவர் ஜோதிராவும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். சாவித்திரிக்கு அப்போது 17 வயது. சதாரா மாவட்டத்து நாய்காவ் கிராமத்தில் 1831 ஜனவரி 3ஆம் தேதி பிறந்து, 9 வயதில் கல்யாணமாகிப் பூனாவுக்கு வந்தவர். வரும்போது ஒரு எழுத்து தெரியாது. புருஷன் சொல்லிக்கொடுத்துத்தான் படிக்கத் தொடங்கினார். அப்புறம் அகமத்நகரிலும் பூனாவிலும் ஆசிரியர் பயிற்சி எடுத்தார்.

பெண் பிள்ளை படித்தால் குடும்பம் விளங்காது என்று நம்பிய காலம். அதிலும் சூத்திரர் வீட்டுப் பெண் ஒருத்தி டீச்சராகத் தெருவில் நடந்து போகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? போகும் வழியில் நின்று கல்லை எறிந்தார்கள், சேற்றை எறிந்தார்கள், சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனதும் அந்தச் சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு, பையில் கொண்டுவந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்துவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது மறுபடியும் அந்த அழுக்குச் சேலைதான்.

இதைக் கல் எறிந்தவர்களின் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அந்தப் பையைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ராத்திரி சமையல் முடித்து, சாணிக்கறை பட்ட சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருப்பார். சாணிக்கறை ஒரு துவைப்பில் போகாது, பச்சையாக ஒரு நிழல் தங்கிவிடும். காலையில் அதையே உடுத்திக்கொண்டு, இன்னொன்றை மடித்துப் பைக்குள் வைத்திருப்பார். நாளைக்கும் எறிவார்கள் என்று அவருக்குத் தெரியும். நாளைக்கும் போகப்போகிறோம் என்றும் தெரியும். சேலையை மடித்த கைக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

1984ல் எனக்கு முதல் வேலை பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். பஸ் இறங்கி மூன்று கிலோமீட்டர் கரிசல் காட்டில் நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போவேன். சேறு முழங்கால் வரை ஏறி நிற்கும். சத்துணவுக்கூடத்து ஆயாம்மா ஒரு நாள், "இப்படியேவா பிள்ளைங்க முன்னாடி நிப்பீங்க?" என்று கேட்டு, என் சேலை ஒன்றை வாங்கி அரிசி மூட்டைகளுக்கு மேல் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதிலிருந்து மழைக்காலம் முழுக்க எனக்கும் அங்கே இன்னொரு சேலை இருந்தது. ஆனால் என்மேல் பட்டது மழைச் சேறு. ஒருத்தரும் எறிந்ததில்லை. ரொம்ப நாள் கழித்து சாவித்திரிபாய் கதையைப் படித்தபோது அந்த வித்தியாசம்தான் என்னை உலுக்கியது. நான் நடந்த பாதையில் மழையைத் தவிர வேறு எதுவும் என்னைத் தடுக்காமல் இருந்ததற்கு, 136 வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி சாணிக் கறையோடு நடந்தது காரணம்.

ஜோதிராவ் புலேதான் பெரிய சிந்தனையாளர். அவர் சொன்னதைச் செய்தவர் என்பதற்கு மேல் அந்த அம்மாவுக்குத் தனியாக என்ன பெருமை?
வாசகர், மேலூர்

ஐயா, ஜோதிராவைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்குக் கிடையாது. 1873ல் "குலாம்கிரி" எழுதி, அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கியவர் அவர். 1882ல் ஆங்கிலேய அரசு கல்வியை ஆராயப் போட்ட ஹண்டர் கமிஷன் முன்னால், 12 வயது வரைக்குமாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி வேண்டும் என்று கேட்டவர். அவர் பெருமைக்கு யாரும் பங்கம் சொல்ல முடியாது.

ஆனால் சாவித்திரிபாய் எழுதியதைப் படித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டீர்கள். 1854ல், 23 வயதில், "காவ்ய புலே" என்று தன் கவிதைத் தொகுதியை அச்சில் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் தன் பெயரில் புத்தகம் போட்ட பெண்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அதைவிட அவர் கணவருக்கு எழுதிய கடிதங்களைப் பாருங்கள். 1856 அக்டோபரில் உடம்புக்கு முடியாமல் தாய்வீட்டில் இருந்தபோது எழுதியது ஒன்று. தாய்வீடு என்றால் நாம் என்ன நினைப்போம்? காய்ச்சலாகக் கிடப்பவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள், பேசாமல் படு என்பார்கள். அங்கே அண்ணன்காரன் சண்டைக்கு வருகிறான். நீயும் உன் புருஷனும், தீண்டக்கூடாது என்று ஊர் ஒதுக்கிவைத்த மகர், மாங் சாதியாருக்கு வேலை செய்து குலத்தைக் கெடுத்துவிட்டீர்கள், ஊர் உங்களைத் தள்ளிவைத்தது சரிதான் என்கிறான். சாவித்திரி படுக்கையில் இருந்தபடியே பதில் சொல்கிறார். ஆட்டையும் மாட்டையும் தடவிக்கொடுக்கிறாய், நாகபஞ்சமிக்கு விஷப்பாம்பைப் பிடித்துப் பால் ஊற்றுகிறாய், உன்னையும் என்னையும் போன்ற மனுஷனைத் தொட்டால் மட்டும் தீட்டா என்று கேட்கிறார். இந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வருகிறபோது ஜோதிராவ் பூனாவில் இருக்கிறார். பக்கத்தில் நின்று யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

1877 ஏப்ரலில் ஜுன்னர் தாலுகா ஓதூரிலிருந்து எழுதிய கடிதம் பஞ்சத்தைப் பற்றியது. 1876 போய்விட்டது, பஞ்சம் போகவில்லை என்று தொடங்கி, மாடுகள் செத்து விழுவதையும் ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதையும் எழுதுகிறார். இது எந்தப் பஞ்சம் தெரியுமா ஐயா? நம்ம பக்கத்துக் கிழவிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னார்களே, அதே பஞ்சம்தான். தக்காணத்திலிருந்து நம்ம சீமை வரை ஒரே வறட்சி. என் பாட்டி சோற்றுப் பருக்கை கீழே சிந்தினால், "தாது வருஷத்தை மறந்துட்டியா?" என்று அதட்டுவாள். அவளே அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவள் இல்லை, அவளுடைய பாட்டி சொல்லிக் கேட்டவள். எங்கள் வீட்டில் வெறும் அதட்டலாக மிஞ்சியதை, சாவித்திரிபாய் அந்த நாளிலேயே நேரில் பார்த்துத் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறார்.

ஜோதிராவ் போன பிறகு அவர் மூலையில் உட்காரவும் இல்லை. கணவர் 1873ல் தொடங்கிய சத்தியசோதக் சமாஜத்தின், அதாவது உண்மையைத் தேடுவோர் சங்கத்தின், பொறுப்பை ஏற்று நடத்தினார். 1893ல் சாஸ்வட்டில் நடந்த மாநாட்டுக்கு அவர்தான் தலைமை.

அப்பா இறந்து நாற்பது நாள் ஆகிறது. நாங்கள் இரண்டு பெண்கள், கூடப் பிறந்த ஆண் இல்லை. பெரியப்பா மகனைக் கொள்ளி வைக்கச் சொன்னார்கள். அவன் அப்பாவோடு பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன். நானே கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போனேன். இப்போது சொந்தக்காரர்கள் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. நான் செய்தது தப்பா டீச்சர்?
வாசகி, செல்லூர்

தப்பில்லை தாயி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1888ல் ஜோதிராவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் எழுதிப் பழகி, கடைசிப் புத்தகத்தை எழுதினார். 1890 நவம்பர் 28ஆம் தேதி காலமானார். அவர்களுக்குப் பெற்ற பிள்ளை இல்லை. யஷ்வந்த் என்று ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்திருந்தார்கள். பிணம் வீட்டில் கிடக்கும்போதே உறவுக்காரர்கள் தகராறு தொடங்கினார்கள். தத்துப்பிள்ளை சட்டி தூக்கக்கூடாது, ரத்த உறவுதான் தூக்க வேண்டும் என்று. யார் தூக்குகிறார்களோ அவர்தான் வாரிசு என்ற பேச்சும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான், இல்லையா?

சாவித்திரிபாய்க்கு அப்போது 59 வயது. அவர் முன்னால் வந்து மண்சட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னே நடந்தார். கொள்ளியும் அவரே வைத்தார். பொம்பளை சுடுகாட்டுப் பக்கம் தலை காட்டாத காலத்தில், அதுவும் தாலி இழந்த அன்றைக்கே.

எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2003ல் என் அம்மா இறந்தாள். கடைசி ஆறு மாதம் அவளைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, படுக்கைப்புண்ணுக்கு மருந்து போட்டது எல்லாம் நான். பாடை கிளம்பியதும் பெண்கள் எல்லோரும் தெருமுனை வரை போனோம். அங்கே ஒரு பெரியவர் கையைக் காட்டினார். திரும்பிவிட்டோம். என்னை யாரும் பிடித்து நிறுத்தவில்லை, அதட்டவும் இல்லை. நானாகத்தான் திரும்பினேன். தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. ஊர்வலம் போகிறதே என்று பாதி கழற்றிய சக்கரத்தைக் கையில் பிடித்தபடி கடைக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அம்மா போன பாதையை அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. இருபது வருஷம் தாண்டியும் அந்தச் சைக்கிள் கடை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நீங்கள் அந்தத் தெருமுனையைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள் தாயி. உங்கள் அப்பாவின் கடைசி நிமிஷம் வரை கூட இருந்திருக்கிறீர்கள். வாசல் மிதிக்காதவர்கள் இன்னும் கொஞ்ச நாள் மிதிக்காமல் இருக்கட்டும்.

ஒரு காரியம் மட்டும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். யார் கொள்ளி வைத்தார் என்பதற்கும் சொத்துக்கும் சட்டத்தில் சம்பந்தமே இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே திருத்தம் வந்தது, 2005ல் மத்திய சட்டமும் வந்துவிட்டது. பெரியப்பா மகன் எதையாவது நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள்.

சாவித்திரிபாயோடு சேர்ந்து பாடம் நடத்தியதாகச் சொல்லும் பாத்திமா ஷேக் என்று ஒருவர் இருந்ததே இல்லை, பிற்காலத்தில் கட்டிய கதை என்கிறார்கள். உண்மையா?
வாசகர், கோரிப்பாளையம்

நான் மேலே சொன்ன 1856ஆம் வருஷக் கடிதத்திலேயே அவர் பெயர் இருக்கிறது. தான் ஊரில் இல்லாததால் பாத்திமாவுக்குச் சிரமமாக இருக்கும், ஆனாலும் அவள் முணுமுணுக்கமாட்டாள் என்று சாவித்திரிபாய் கணவருக்கு எழுதுகிறார். கூடவே வேலை பார்க்கிறவளைப் பற்றித்தான் ஒருவர் இப்படி எழுத முடியும். பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு நாள் லீவு போட்டால், என் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கும் பக்கத்து வகுப்பு டீச்சரைப் பற்றி எனக்கும் இதே கவலைதான் வரும். ஜோதிராவின் அப்பா, ஊருக்குப் பயந்து மகனையும் மருமகளையும் 1849ல் வீட்டைவிட்டு அனுப்பியபோது, இடம் கொடுத்தது, பாத்திமாவின் அண்ணன் என்று சொல்லப்படும் உஸ்மான் ஷேக்கின் வீடு.

கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசாங்கம் கொடுப்பது தண்டச் செலவு என்கிறார் என் மாமனார். என்ன பதில் சொல்ல?
வாசகி, அலங்காநல்லூர்

புலே தம்பதியும் தங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் பாதியில் நின்றுவிடக்கூடாது என்பதற்காக. படிப்பு இலவசம் என்பதால் மட்டும் ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தங்கிவிடாது. 2022ல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரை வைத்திருக்கிறார்கள். அவரும் எழுத்தாளர், அவரும் சீர்திருத்தவாதி. என் பழைய மாணவி ஒருத்தி அந்தப் பணத்தை என்ன செய்கிறாள் என்று கேட்டேன். "டீச்சர், நாப்கின் வாங்க அப்பாகிட்ட கை நீட்டுறதில்ல" என்றாள். உங்கள் மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வீர்களோ தெரியாது, ஆனால் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே பெண் சிசுக்கொலையா என்கிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் எனக்குக் கூசிப்போகிறது. சாவித்திரிபாய் இந்தக் கொடுமையைப் பற்றி ஏதாவது செய்தாரா?
வாசகி, உசிலம்பட்டி

செய்தார். அவர் செய்தவற்றில் நான் மிகப் பெரியதாக நினைப்பது இதைத்தான். பள்ளிக்கூடத்தைவிடப் பெரியது.

அங்கே காரணம் வேறு. ஏழெட்டு வயதில் கல்யாணம். புருஷன் செத்துப்போனால் பதின்மூன்று, பதினான்கு வயதில் தலையை மழித்து, முக்காடு போட்டு, வீட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். மறுகல்யாணம் கிடையாது. அதே வீட்டில் இருக்கும் ஆண்களே அந்தப் பெண்ணைக் கெடுப்பார்கள். வயிற்றில் பிள்ளை வந்துவிட்டால் பழி முழுக்க அவள் தலையில். ஒன்று கிணற்றில் விழுவாள், இல்லாவிட்டால் பெற்ற பிள்ளையைக் கொல்வாள்.

1863ல் சாவித்திரிபாயும் ஜோதிராவும் தங்கள் வீட்டிலேயே ஓர் இல்லம் தொடங்கினார்கள். பிள்ளைக்கொலையைத் தடுக்கும் இல்லம் என்றே அதற்குப் பெயர். விதவைகளே, இங்கே வந்து ரகசியமாகப் பிரசவித்துக்கொள்ளுங்கள், குழந்தையை எடுத்துக்கொண்டும் போகலாம், எங்களிடம் விட்டுவிட்டும் போகலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அந்தத் தெருக்களில், அந்தக் காலத்தில், சுவரில் ஒட்டினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வந்த பெண்களுக்கு உபதேசம் செய்ததாக நான் எங்கேயும் படிக்கவில்லை. படுக்கப் பாய் கொடுத்தார், வெந்நீர் வைத்தார், பிரசவம் பார்த்தார். வந்தவர்களில் பலர், அவர் தெருவில் நடந்தபோது சாணி எறிந்த சாதிக்காரர்கள் வீட்டுப் பெண்கள். காசிபாய் என்ற பிராமண விதவை பெற்ற பிள்ளையைத்தான் 1874ல் தன் மகனாக எடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைதான் யஷ்வந்த். பிற்பாடு டாக்டரானவர். விதவைகளின் தலையை இனிமேல் மழிக்கமாட்டோம் என்று நாவிதர்களே வேலைநிறுத்தம் செய்ததற்குப் பின்னாலும் இவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

உங்கள் ஊருக்கு வருகிறேன். எண்பதுகளில் அந்தப் பக்கத்துப் பள்ளியில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். காது குத்து, சடங்கு, கல்யாணம், தலைப்பிரசவம் என்று ஒரு பெண்ணுக்குச் செய்முறை செய்தே நிலத்தை இழந்த குடும்பங்களைப் பார்த்தேன். மூன்றாவதும் பெண் என்றால் மாமியார் தொட்டில் பக்கம் வரமாட்டாள். அந்தத் தாய்களில் சிலரை எனக்குத் தெரியும். பிறகு அவர்களைப் பார்க்கும்போது, கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள். கொலை கொலைதான், அதை நான் பூசி மெழுகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் போய் நிற்க ஒரு வாசல் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் தொடங்கி, 2001ல்தான் நம்ம மதுரை மாவட்டத்துக்கு வந்தது. பூனாவில் ஒரு வீடு 1863லேயே அந்த வாசலைத் திறந்து வைத்திருந்தது.

நீங்கள் கூசவேண்டியது எதுவும் இல்லை. உங்களை வளர்த்து, படிக்கவைத்து, வெளியூருக்கு வேலைக்கு அனுப்பிய ஒரு தாய் அதே ஊரில்தானே இருக்கிறாள்? அடுத்த முறை யாராவது கேட்டால் அவளைப் பற்றிச் சொல்லுங்கள்.

நம்ம ஊரில் சீர்திருத்தவாதிகளே இல்லையா? எங்கேயோ பூனாவில் இருந்த அம்மாவை எதற்குத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?
வாசகர், மேலமாசி வீதி

இருக்கிறார்கள் ஐயா. 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாதய்யர், சாதியைச் சொல்லி அதுவரை உள்ளே விடாமல் வைத்திருந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் அந்தத் தேதியை நினைத்துக்கொள்வேன். ஆனால் 1868லேயே புலே குடும்பம் தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டது. 71 வருஷம் முன்னால். அதை நாம் தெரிந்துவைத்துக்கொள்வதில் வைத்தியநாதய்யருக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது?

பூனா அப்படியொன்றும் அந்நியம் இல்லை. அகமத்நகரில் சாவித்திரிபாய் பயிற்சி பெற்ற பள்ளியை நடத்திய சிந்தியா ஃபாரர் எந்த அமெரிக்க மிஷன் சபையைச் சேர்ந்தவரோ, அதே சபைதான் 1834ல் மதுரைக்கும் வந்தது. அவர்கள் இங்கே தொடங்கிய பெண்கள் பள்ளிகளில் படித்தவர்கள் நம்ம ஊரில் எத்தனை ஆயிரம் பேர்! என் அம்மாவும் ஐந்தாம் வகுப்பு வரை அப்படி ஒரு பள்ளியில்தான் படித்தாள். அவள் கையெழுத்து கடைசி வரை மணிமணியாக இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு சாதி. அவள் வீட்டில் தெரிந்துவிட்டது. ராத்திரி தூக்கமே இல்லை. சாவித்திரிபாய் இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா டீச்சர்?
பெயர், ஊர் வேண்டாம்

தம்பி, கடிதத்தைப் படித்ததும் உறையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். எந்த ஊர் முத்திரை என்று நானும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்க முடியாது.

எழுதியிருக்கிறார். 1868 ஆகஸ்ட் 29ஆம் தேதி நாய்காவிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதம். கணேஷ் என்று ஒரு பிராமணப் பையன். ஊர் ஊராகப் போய்ப் பஞ்சாங்கம் சொல்லிப் பிழைக்கிறவன். சார்ஜா என்று ஒரு மகர் பெண். இரண்டு பேரும் விரும்பியிருக்கிறார்கள், அவள் ஆறு மாதக் கர்ப்பம். ஊர்க்காரர்கள் இருவரையும் பிடித்துத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போகிறார்கள், கொல்லப்போகிறோம் என்கிறார்கள். சாவித்திரிபாய்க்குச் சேதி வருகிறது. அவர் ஓடுகிறார். கூட்டத்தின் நடுவில் நின்று, கொலை செய்தால் இங்கிலீஷ்காரன் சட்டம் உங்களை என்ன செய்யும் தெரியுமா என்று மிரட்டுகிறார். கொல்லும் எண்ணத்தைக் கைவிட்டு, இருவரும் ஊரைவிட்டுப் போகட்டும் என்று கூட்டம் இறங்கிவருகிறது. அவர்களைப் பூனாவுக்கு, தன் வீட்டுக்கே அனுப்பிவைக்கிறார்.

அவர் அன்றைக்குக் கையில் எடுத்தது சட்டத்தை. அதனால் உனக்கும் நான் சட்டத்தைத்தான் சொல்வேன். இந்த மாதிரி மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும், பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் உத்தரவிட்டிருக்கிறது. மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடு, நகலில் முத்திரை வாங்கிக்கொள். அவளை 181 என்ற எண்ணுக்குக் கூப்பிடச் சொல், பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112. யாராவது "சமாதானம் பேசலாம், தனியாக வா" என்று கூப்பிட்டால் போகாதே. சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் போகாதே. அவளும் தனியாகப் போகக்கூடாது. பத்திரமான இடத்துக்குப் போனதும் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடு. பெயர் வேண்டாம், "நன்றாக இருக்கிறோம்" என்று மட்டும் எழுது. அது வருகிற வரைக்கும் எனக்கும் தூக்கம் வராது.

பேச்சுப் போட்டிக்குச் சாவித்திரிபாய் எப்படி இறந்தார் என்று வேண்டும். சுருக்கமாகச் சொல்லுங்கள் டீச்சர்.
பத்தாம் வகுப்பு மாணவன், சோழவந்தான்

1897ல் பூனாவில் பிளேக் நோய். வீட்டில் எலி செத்து விழுந்தால் ஜனங்கள் வீட்டையே விட்டு ஓடினார்கள். சாவித்திரிபாயும் டாக்டர் மகன் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் ஒரு சிகிச்சை இடம் அமைத்தார்கள். முண்ட்வா கிராமத்தின் மகர் குடியிருப்பில் ஒரு பையனுக்குப் பிளேக் என்று கேள்விப்பட்டு, 66 வயதில், அவனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் நோய் ஒட்டியது. மார்ச் 10ஆம் தேதி இறந்தார். மேடையில் இதைச் சொல்லும்போது கையை ஆட்டி உரக்கப் பேசாதே, தம்பி. உன் தம்பியையோ தங்கையையோ ஒரு நாள் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஒரு தெரு நீளம் நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் மேடை ஏறு.

அவங்க என்ன கவிதை எழுதினாங்க? பூவைப் பத்தி எழுதினாங்களா? நானும் எழுதுவேன்.
ஆறாம் வகுப்பு மாணவி, வாடிப்பட்டி

எழுதினாங்க பாப்பா! புலே குடும்பமே பூ விற்ற குடும்பம். அந்தப் பெயரே பூவிலிருந்து வந்ததுதான். அவர் கவிதைப் புத்தகத்தில் மஞ்சள் செண்பகத்துக்கு ஒரு கவிதை இருக்கிறது, ரோஜாவுக்கு ஒன்று, ஜாதிமல்லிக்கு ஒன்று. நம்ம பக்கம் பிச்சிப்பூ என்கிறோமே, அது. போய்ப் படியுங்கள், எழுந்து நில்லுங்கள் என்று பிள்ளைகளைக் கூப்பிடும் கவிதைகளும் அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. பூவைப் பற்றி எழுதுகிறவர் வேறு, பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறவர் வேறு என்று அவர் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை.

அவரிடம் படித்த முக்தா சால்வே என்ற பிள்ளை, மாங், மகர் மக்கள் படும் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 1855ல் "ஞானோதயா" பத்திரிகையில் அது அச்சில் வந்தது. டீச்சர் எழுதினார், அவர் பிள்ளையும் எழுதினாள்.

உன் வீட்டில் பூ கட்டுகிறார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாயே. விடிகாலையில் மொட்டுப் பறிக்கும்போது கை எப்படி இருக்கும், நார் விரலை எங்கே அறுக்கும், நூறு பூ கட்டினால் என்ன தருகிறார்கள் என்று எல்லாவற்றையும் எழுது. நோட்டில் எழுதியபடியே அனுப்பு. அடித்து எழுதிய இடத்தை அழிரப்பரால் அழிக்காதே, அதையும் நான் படிக்க வேண்டும்.